முதலில் மானிட்டரா, கிராபிக்ஸ் கார்டா?

கையில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்ற நிலையில், கணினி விளையாட்டுகளின் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை அப்படியே விட்டுவிட்டு மானிட்டரை மாற்றினேன். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். அப்போது என்னிடம் இருந்தவை 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டும், 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து இயங்கும் 1080பி (1920×1080 புள்ளிகள்) மானிட்டரும்.

புதிய கார்டின் நன்மைகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினால் 8 ஜிபி நினைவகமும், குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியும் கிடைக்கும்; பழைய கார்டை விற்று ஓரளவு பணத்தையும் மீட்கலாம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கணக்கு. வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும்போது, கார்டு விநாடிக்கு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கையை, அதாவது பிரேம் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டச் செய்து கவனித்தேன். அது 150-க்குக் கீழே இறங்குவது அரிதாகவே இருந்தது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோ 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படத்தைப் புதுப்பிக்கும் என்பதால், கார்டு உருவாக்கிய பிரேம்களில் பாதிக்கு மேற்பட்டவை முழுமையாகத் திரைக்கு வரவே இல்லை. வந்தவையும் குறுக்கே கிழிந்து தெரிந்தன. இதைவிட வேகமான கார்டை வாங்கியிருந்தால் வீணாகும் பிரேம்கள்தாம் பெருகியிருக்கும். நான் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், படம் புதுப்பிக்கப்படும் அந்த இடைவெளி 6.9 மில்லி விநாடியாகக் குறைகிறது. பிரேம் எண்ணிக்கை 70-க்கும் 90-க்கும் இடையே அலையும் கனமான ஆட்டங்களிலும் இதனால் பயன் உண்டு. ஏனெனில் 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய கார்டுகளும், டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பு வழியாக இணைத்தால், ஃப்ரீசிங்க் (புதுப்பிக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள மானிட்டரின் வேகத்தைத் தம் வேகத்துக்கேற்ப மாறச் செய்கின்றன.

1440பி (2560×1440 புள்ளிகள்) மானிட்டரை வேண்டுமென்றே தவிர்த்தேன். 20.7 லட்சம் புள்ளிகளுக்குப் பதிலாக 36.9 லட்சம் புள்ளிகளை வரையும் சுமை அதே பழைய கார்டின் மீது விழுந்திருக்கும். மானிட்டரை மாற்றுவோர், விண்டோஸின் திரை அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. அது 60-லேயே நின்றிருப்பது உண்டு.

என் அனுபவம் பெரும்பாலும் போட்டி ஆட்டங்களைச் சார்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சைபர்பங்க் 2077 போன்ற ஆட்டங்களை, ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குடன் ஆட விரும்புவோரின் நிலை வேறு. 1660 சூப்பரில் அதற்கெனத் தனி வன்பொருள் இல்லை. 60 பிரேம்களையே எட்டத் திணறும் கார்டை வைத்திருப்பவர்கள், இருக்கும் மானிட்டரிலேயே ஆடிக்கொண்டு, கார்டை முதலில் வாங்குவதே நல்லது.