தலைக்கவசத்தில் ரேடார் எச்சரிக்கைக் கருவி பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இருக்கும் ரேடார் டிடெக்டரின் (போலீசின் வேகம் அளக்கும் ரேடாரை உணர்ந்து ஓட்டுபவருக்குச் சொல்லும் கருவி) எச்சரிக்கை, தலைக்கவசத்துக்குள் ஒலியாகவும் வைசரின் (முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி) ஓரத்தில் சிறு சிவப்பு விளக்காகவும் வரும்படி பொருத்தித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் என் முழுமுகத் தலைக்கவசத்தைக் கொடுத்தேன். கடினமான வெளி ஓட்டில் துளையிட்டு, உள்ளிருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் சுரண்டி, தலையைக் காக்கும் தகுதியே இல்லாத ஒன்றாக அதைத் திருப்பித் தந்தார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கருவிக்கான தேவை உண்மையானது. 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே ஏறத்தாழ 100 டெசிபலைத் தொடும். காதைக் காக்க அடைப்பான் போட்டுக்கொண்டு ஓட்டுபவருக்கு ஹேண்டில்பாரிலிருந்து வரும் ‘பீப்’ ஒலி கேட்கவே கேட்காது. நடுப்பகல் வெயிலில் அதன் திரையும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எச்சரிக்கையைக் காதருகே கொண்டுவர நினைப்பதில் தவறில்லை. அதை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கன்னத்து மெத்தையைக் கழற்றியபோது அதன் துணியில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. பல தலைக்கவசங்களைப் போலவே என்னுடையதிலும் காதுக்கு நேராக ஸ்பீக்கர் வைப்பதற்கென்றே ஒரு குழி உண்டு. அதைப் பயன்படுத்தாமல், நெற்றிப்பொட்டுக்கு அருகில் தெர்மோகோலைச் சதுரமாக வெட்டி எடுத்து, கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த லித்தியம் பேட்டரியை அங்கே திணித்திருந்தார்கள். அதைச் சுற்றியிருந்த பகுதி வெட்டுப்பட்டதைப் போல் இல்லாமல் உருகி வழவழப்பாக உள்வாங்கியிருந்தது. கரைப்பான் கலந்த பசையைத் தடவியதன் விளைவு அது. வைசர் கீலுக்கு மேலே பாலிகார்பனேட் ஓட்டில் ஒயர் நுழைவதற்காக ஒரு துளை போட்டிருந்தார்கள். விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தால் துளையின் விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற விரிசல்கள் கிளம்பியிருப்பது தெரிந்தது.

விபத்தின்போது அந்தத் தெர்மோகோல்தான் நசுங்கி, மோதலின் விசையை வாங்கிக்கொண்டு மண்டைக்குச் செல்வதைக் குறைக்கிறது. அதன் தடிமனும் அடர்த்தியும் ஒவ்வொரு இடத்துக்கும் கணக்கிட்டு வைக்கப்படுபவை. அதை வெட்டிவிட்டு அங்கே ஒரு கடினமான பெட்டியை வைத்தால், அடி விழும் நேரத்தில் அந்தப் பெட்டியே நெற்றிப்பொட்டில் குத்தும். அமெரிக்காவின் தலைக்கவசப் பாதுகாப்புத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 218 விதி ஓட்டின் உட்புறத்தில் கடினமான எந்தப் புடைப்பும் இருக்கக்கூடாது என்கிறது. வெளிப்புறத்திலும் அவசியமான துணைப்பாகங்களுக்கு 5 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது. தலைக்கவசத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்றும், சில சாதாரணப் பொருட்கள் பட்டாலே கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படலாம் என்றும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். தலைக்கவசத்தைத் தொட்டு வேலை செய்பவருக்கு இது தெரியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிடெக்டரைப் பொருத்திய விதமும் இதே தரத்தில்தான் இருந்தது. ரேடார் அலைகள் பிளாஸ்டிக்கைக் கடந்து வரும், உலோகத்தைக் கடக்காது. ஆனால் கருவியின் முகத்தை ஓர் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மின்சாரத்தை இக்னிஷன் வழியாக எடுக்காமல், ஃபியூஸ்கூட இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்திருந்ததால், வண்டியை நிறுத்தி வைத்திருந்தபோதே பேட்டரி இறங்கிவிட்டது. கார்களின் பக்கவாட்டுக் கண்காணிப்பு ரேடார்களில் பலவும் கடைகளின் தானியங்கிக் கதவுகளும் போலீஸ் ரேடார்கள் பலவற்றைப் போலவே 24 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலைகளை வெளியிடுவதால், வடிகட்டும் அமைப்பை இயக்காத கருவி தேவையில்லாமல் ஓயாது கத்தும். அதைக்கூட யாரும் சரிசெய்து தரவில்லை.

விற்கும்போது சொன்ன ஒரு பொய்யையும் குறிப்பிட வேண்டும். போலீஸ் லேசரால் வேகத்தை அளக்கும் கருவியையும் இது முன்கூட்டியே காட்டிவிடும் என்றார்கள். லேசர் கற்றை மிகவும் குறுகியது. 300 மீட்டர் தொலைவில்கூட அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நம் வண்டியைக் குறிவைத்து அது பட்ட பிறகே கருவி ஒலிக்கும். அதற்குள் வேகம் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் இக்கருவிகளுக்குத் தடை இருக்கிறது. ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தக்கூடாது. அமெரிக்காவிலேயே வர்ஜீனியா மாநிலத்தில் அனுமதியில்லை. எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்காமல் இதை விற்பவர், பின்னால் வரும் அபராதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்.

குறைகளைக் காட்டிக் கேட்டபோது, கடைக்காரர் தலைக்கவசத்தின் மேல் கைமுட்டியால் தட்டி, “நல்லா கெட்டியாத்தானே சார் இருக்கு, இந்த ஓட்டையில கொஞ்சம் பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுத் தந்துடறேன்” என்றார். பட்டி வைத்துவிட்டால் அடுத்து அதை அணிபவருக்கு அங்கே துளை இருந்ததே தெரியாது என்பதால் மறுத்துவிட்டேன். படங்களைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இனி இதை அணியவே வேண்டாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

இந்த வேலைக்குத் துளையோ வெட்டோ தேவையே இல்லை. ஓட்டின் கீழ்விளிம்பில் கவ்விக்கொள்ளும் ப்ளூடூத் இன்டர்காமின் (தலைக்கவசத்தில் பேசவும் கேட்கவும் உதவும் கருவி) ஸ்பீக்கர்களை ஏற்கெனவே இருக்கும் குழியில் வெல்க்ரோவால் நிறுத்தி, ப்ளூடூத் உள்ள டிடெக்டரை அதனுடன் இணைத்தால் போதும். பேட்டரி தலைக்கு வெளியே இருக்கும். வழிகாட்டிச் செயலி பேசிக்கொண்டிருக்கும்போதும் எச்சரிக்கை கேட்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் மெத்தைகளைக் கழற்றி உட்புறத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, துளையிட மாட்டோம், வெட்ட மாட்டோம், தயாரிப்பாளர் அனுமதிக்காத பசையைத் தொட மாட்டோம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் தலைக்கவசத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

எனக்குப் பணம் இன்னும் திரும்பவில்லை. படங்களையும் ரசீதையும் தயாரிப்பு நிறுவனத்தின் பதிலையும் இணைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.