48 மணி நேரம் கழித்துத்தான் உண்டியல் வேண்டும்: விபத்து நிதி திரட்டும் 3 வழிகள், மதிப்பெண்ணோடு

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தாலும் சரி, சூளகிரிப் பக்கம் பைக் மோதினாலும் சரி, அன்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு க்யூஆர் படம் சுற்றத் தொடங்கிவிடும். பணமும் வரும். ஆனால் அது வந்து குவியும் நாளும் தேவைப்படும் நாளும் வேறு வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஜனங்கள் கையில் எடுக்கும் வழிகள் மூன்று: வாட்ஸ்அப் க்யூஆர், இணைய நிதி திரட்டும் தளம், அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கம். எது எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 2021 டிசம்பரில் வந்த தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உச்சவரம்பு தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய், பிறகு 2 லட்சமானது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க மாட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓசூரில் அடிபட்டவரைப் பதற்றத்தில் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், சேர்ந்த மருத்துவமனை பக்கத்தில் எது என்று 108 ஊழியரிடம் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சை அதில் தொடரும்.

ஆக, முதல் ராத்திரி உண்டியல் குலுக்க வேண்டியதில்லை. கை கடிப்பது அப்புறம்தான். தலைக்காயத்தில் மூளை வீங்கினால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருப்பார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து அதைத் திரும்பப் பொருத்த இன்னொரு ஆபரேஷன். படுக்கைப்புண் வராமலிருக்க ஏர்பெட், கூட இருப்பவரின் சாப்பாடு, மறுபரிசோதனைக்குப் போய்வரும் கார் வாடகை, சம்பாதிக்கிற ஆளே படுத்துக்கிடக்கும் 6 மாத வீட்டுச் செலவு. இவற்றுக்குத்தான் திரட்ட வேண்டும். பிசியோதெரபிக்கு வேண்டாம்: 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டுக்கே வந்து செய்கிறது.

வாட்ஸ்அப் க்யூஆருக்கு 5க்கு 2. வேகம் ஒன்றுதான் அதன் பலம். கணக்கு யார் பெயரில் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடிபட்டவர் பெயரிலேயே போட்டுவிட்டால், நினைவில்லாமல் கிடப்பவரின் பின் நம்பர் யாருக்குத் தெரியும்? மனைவியின் கணக்கைக் கொடுக்கும் முன் அது முழு கேஒய்சி இல்லாத ‘சிறு கணக்கா’ என்று வங்கியில் கேளுங்கள். அதில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது. உறவினர் அல்லாதவர்கள் தந்த மொத்தம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வியும் எழும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படத்தில் தேதியும் கடைசி நாளும் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆள் வீடு திரும்பிய பிறகும் படம் சுற்றும், வேறு எவனாவது தன் க்யூஆரை அதில் ஒட்டுவான்.

இணையத் தளங்களுக்கு 5க்கு 3, அதுவும் தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மட்டும். மருத்துவமனையின் முத்திரையோடு எஸ்டிமேட் கடிதம் கேட்பார்கள். கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனையில் அது கிடைப்பது கஷ்டம். பணத்தை நேரே மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும். ‘கட்டணம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தளத்திலும், பணம் கட்டும் பக்கத்தில் ‘டிப்ஸ்’ என்று ஒரு சதவீதம் முன்கூட்டியே தேர்வாகி நிற்கலாம். பூஜ்ஜியமாக்க வழி இருக்கும், கண்ணில் படாது. விளம்பரம் செய்து தருகிறோம் என்று போன் வந்தால், திரண்ட பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் தலையாட்டாதீர்கள்.

ஒரு ஆளுக்கல்ல, வார்டுக்கே செய்ய நினைப்பவர்களுக்கு நோயாளர் நலச் சங்கம். 5க்கு 4. ரசீது தருவார்கள், வரவு செலவு கூட்டத்தில் வரும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கும் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மூர்ப் பையன் அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சங்கமோ அறக்கட்டளையோ அதைத் தொடக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

மதிப்பெண் ஒன்று குறைந்ததற்குக் காரணம் சங்கமல்ல, கொடுப்பவர்கள். வார்டில் கேட்காமலே ஸ்ட்ரெச்சர் டிராலி வாங்கி வந்து இறக்குகிறார்கள். தலைக்காயக்காரருக்குத் தலைப்பக்கம் 30 டிகிரி உயர வேண்டும்; தட்டையாக மட்டுமே நிற்கும் டிராலி அதற்கு ஆகாது. மேல்தட்டு எக்ஸ்ரே ஊடுருவும் வகையாக இல்லாவிட்டால், உடைந்த இடுப்போடு இருப்பவரைப் படம் எடுக்க இன்னொரு முறை தூக்கி மாற்ற வேண்டும். சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறதா என்று கடையிலேயே தள்ளிப் பாருங்கள். கொடுத்த பிறகு இருப்புப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பாருங்கள். ஏறாத பொருளுக்குச் சக்கரம் கழன்றால் யாரும் பொறுப்பில்லை.

சிகிச்சைக்கும் சாமானுக்கும் கொடுப்பவர்கள் விபத்துக்காய ஆய்வுக்கு மட்டும் கொடுப்பதில்லை, ‘உபயம்’ எழுத அதில் இடமில்லை. இந்த ஆய்வு என்றால் எலியும் கண்ணாடிக் குழாயும் இல்லை, பெரும்பாலும் நோயாளிகளின் விவரங்களைக் குறிக்கும் பதிவேடுதான். 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயக்காரர்களிடம் சோதித்து, டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற விலை குறைந்த மருந்து ரத்தப்போக்குச் சாவைக் குறைக்கிறது என்று காட்டியது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்தால் பலனில்லை, கெடுதலும் வரலாம். அரூர் மலைப்பக்கம் விழுந்தவர் அந்த 3 மணி நேரத்துக்குள் வந்தாரா என்று சொல்ல, கேஸ் ஷீட்டில் ‘விபத்து நேரம்’ கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு ஒரு கையால் ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்கும் நர்ஸ் அதை எப்படி எழுதுவார்?

ஆகவே ஊர்ப்பணம் போக வேண்டியது, வார்டில் இந்த விவரங்களை எழுதிவைக்கும் பதிவாளர் ஒருவரின் மாதச் சம்பளத்துக்கு. அவர் எழுத வேண்டியவை: விபத்து நேரம், வந்த நேரம், ரத்த அழுத்தம், நினைவு எவ்வளவு என்று காட்டும் மதிப்பெண், ஸ்கேன் எடுத்த நேரம், வீடு திரும்பியபோது நிலை. பிறகு 6 மாதம் கழித்து ஒரு போன்: நடக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா? இதற்கு 2 எண் வாங்க வேண்டும், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் நல்லது. அடிபட்டவரின் போன் பெரும்பாலும் ரோட்டிலேயே உடைந்திருக்கும். பணத்தை டாக்டர் கையில் கொடுக்காதீர்கள்; மருத்துவக் கல்லூரி முதல்வர் வழியாக, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஓராண்டுச் சம்பளம் முழுதும் கையில் சேராமல் தொடங்க வேண்டாம், 4 மாதத்தில் நின்றுபோன பதிவேடு எதற்கும் உதவாது. நோயாளிகளின் பெயர்ப் பட்டியலையோ படத்தையோ கேட்க நன்கொடையாளருக்கு உரிமை இல்லை. எண்ணிக்கையை மட்டும் கேட்கலாம்.