ஓடையைப் பாதியாக்கித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் உஷார்

வலைப்பதிவு வைத்திருப்பவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் இது ஒரு ரகம். உங்கள் செய்தியோடை (புது இடுகைகளைத் தளத்துக்கு வராமலே படிக்கத் தரும் ஆர்எஸ்எஸ் ஃபீட்) முழு இடுகையையும் வெளியே கொட்டுகிறது, திருட்டுத் தளங்கள் அதை அள்ளித்தான் பிழைக்கின்றன, பணம் கட்டினால் பூட்டித் தருகிறோம் என்பார்கள். முழு ஓடையை வைத்து நகல் தளம் நடத்துவது எளிது என்பது உண்மைதான். அந்த அரை உண்மையில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்யும் வேலை என்ன? வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதனுள் ரீடிங் பக்கம். அங்கே ஓடையில் முழு இடுகையா, சுருக்கமா என்று கேட்கும் இரண்டு வட்டங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புள்ளியை மாற்றிச் சேமிப்பது. பிளாக்கர் என்றால் செட்டிங்ஸில் சைட் ஃபீட் பகுதியில் ‘ஃபுல்’ என்பதை ‘ஷார்ட்’ ஆக்குவது. அரை நிமிட வேலை. வேர்ட்பிரஸில் நீங்களே சுருக்கம் எழுதி வைக்காவிட்டால் அது முதல் 55 சொற்களோடு வெட்டிவிடும். சமையல் குறிப்பு எழுதுகிறவரின் ஓடையில் பாட்டி கைமணம் வரைக்கும் வரும், புளி எவ்வளவு என்பது வராது.

இதனால் திருட்டு நிற்குமா என்றால், நிற்காது. பாதி ஓடையிலும் இடுகையின் சுட்டி இருக்கிறது. நிரல் அந்தச் சுட்டியைப் பிடித்துப் பக்கத்துக்கே போய் முழு உரையையும் உருவிக்கொள்ளும். ஃபைவ்ஃபில்டர்ஸ் போன்ற கருவிகள் வாசகர் வசதிக்காக இதையே வெளிப்படையாகச் செய்கின்றன. போதாததற்கு, 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 முதல் ரெஸ்ட் ஏபிஐ என்று, பிற நிரல்கள் தளத்தின் தகவலைக் கேட்டு வாங்கும் இன்னொரு வாசல் தானாகவே திறந்திருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு 100 இடுகை வரை, முழு உள்ளடக்கத்தோடு அது தரும். ஓடை அமைப்பை மாற்றினால் அந்த வாசல் மூடாது. அதையும் அடைக்கிறேன் என்று ஒட்டுமொத்தமாக ஏபிஐயை நிறுத்துகிறவர்கள் உண்டு. மறுநாள் இடுகையைச் சேமிக்கப் போனால் ‘ஜேசன் பதில் சரியில்லை’ என்று எடிட்டர் அழும், தொடர்புப் படிவமும் வேலை செய்யாமல் போகலாம். மூடத்தான் வேண்டும் என்றால், உள்நுழையாதவர்களுக்கு இடுகைப் பட்டியலை மட்டும் மறுக்க வேண்டும்.

ஆக, பாதி ஓடையால் அடிபடுகிறவர் ஃபீட்லி, இன்னோரீடர் போன்ற ஓடைப் படிப்பான்களில் பேருந்தில் உட்கார்ந்து படிக்கும் உங்கள் வாசகர்தான்.

இதுவரை சொன்னது வெறும் பண நட்டம். இதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது. பிளாக்கரில் ‘போஸ்ட் ஃபீட் ரீடைரக்ட் யூஆர்எல்’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் எந்த முகவரியைப் போட்டாலும் உங்கள் ஓடையைக் கேட்டு வருகிறவர்கள் அங்கே அனுப்பப்படுவார்கள். கூகுள் 2007இல் வாங்கிய ஃபீட்பர்னர் என்ற ஓடை மேலாண்மைச் சேவைக்காகப் பலர் ஒரு காலத்தில் இதை நிரப்பியதால், அங்கே ஏதாவது முகவரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ‘பாதுகாப்பு’ விற்பவர் தன் முகவரியை அதில் போட்டுவிட்டால் சந்தாதாரர்கள் அவர் கைக்குள். ஓடையில் விளம்பரம் செருகலாம், சூதாட்டத் தளச் சுட்டி செருகலாம். அவர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் வாசகர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும் என்பதால் மாதக்கணக்கில் கண்ணில் படாது.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். பிரவுசரில் உங்கள் ஓடை முகவரியைத் தட்டுங்கள். மேலே முகவரிப் பட்டியில் வேறு டொமைன் வந்து நின்றால் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. பிளாக்கரில் ஓடை முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ‘ரீடைரக்ட்=ஃபால்ஸ்’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் அசல் ஓடை தெரியும். வேர்ட்பிரஸில் முகவரியைத் திருப்பிவிடும் ரீடைரக்ஷன் பிளகின்களையும் (கூடுதல் நிரல்கள்), சர்வர் அமைப்புகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பையும் பாருங்கள். பிளாக்கரில் ஓடையின் அடியில் வரும் ‘ஃபீட் ஃபுட்டர்’ பெட்டியையும் ஒரு கண் பாருங்கள், நீங்கள் எழுதாத சுட்டி அங்கேயும் ஒளிந்திருக்கலாம். பிளாக்கரில் இந்த அமைப்புகளை மாற்ற அட்மின் உரிமை வேண்டும். அட்மின் ஆனவர் உங்களையே வெளியேற்றலாம். ஒரு வட்டத்தை மாற்றுவதற்காக அதைக் கொடுப்பது, விளக்கு மாற்ற வந்தவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பது மாதிரி.

நகல் எடுப்பவர்களோடு உண்மையிலேயே மல்லுக்கட்ட வேண்டுமானால் முழு ஓடையை வைத்துக்கொண்டே செய்யலாம். ஒவ்வொரு இடுகையின் அடியிலும் ‘இது முதலில் வெளியான இடம்’ என்று அசல் பக்கத்துக்குச் சுட்டி போடுங்கள். வேர்ட்பிரஸின் யோஸ்ட் பிளகினில் ஆர்எஸ்எஸ் பகுதியில் இதற்கென்றே பெட்டி இருக்கிறது. உள்சுட்டிகள் எல்லாம் முழு முகவரியோடு இருக்கட்டும். நகலெடுப்பது மனிதர் அல்ல, நிரல். பெரும்பாலும் அப்படியே ஒட்டிவிடும், சுட்டி உங்களிடமே திரும்பும். ஓடையைக் கேட்டு வருகிறவரின் ஐபி முகவரியை அந்த அடிக்குறிப்பிலேயே அச்சிடும்படி சில வரி நிரல் சேர்த்தால், நகல் தளத்திலேயே திருடனின் ஐபி வந்து உட்காரும். அதற்கு, பக்கங்களின் நகலைச் சேமித்து எல்லோருக்கும் அதையே காட்டும் கேஷ் பிளகினிலிருந்து ஓடையை விலக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஒரு அப்பாவியின் ஐபி வரும். திருடன் வேறொரு திரட்டி வழியாக எடுத்தால் இந்த வித்தை பலிக்காது. பிறகு கூகுளின் டிஎம்சிஏ படிவம், அதாவது காப்புரிமைப் புகார்ப் படிவம். தளத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அசல் பக்கம், நகல் பக்கம் இரண்டின் முகவரியையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

ஓடையில் வரும் இடுகைகளை 10இலிருந்து 5ஆகக் குறைக்கச் சொல்வார்கள். வேர்ட்பிரஸ் ஓடைக்கும் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் உண்டு என்பதால் அதனால் தடுப்பு ஒன்றும் இல்லை.

பாதி ஓடை சரியான இடமும் இருக்கிறது: சந்தா கட்டிப் படிக்கும் கட்டுரைகள். அங்கேயும் 55 சொல் வெட்டை நம்பாமல் சுருக்கத்தைக் கையால் எழுதுங்கள்.

ஏற்கெனவே ஓடையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் அந்த ஆளை அட்மின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீடைரக்ட் பெட்டியைக் காலி செய்யுங்கள். திசைதிருப்பல் 301 வகையாக, அதாவது ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று சொல்வதாக, இருந்திருந்தால் சில ஓடைப் படிப்பான்கள் புது முகவரியையே நிரந்தரமாகப் பதிந்து வைத்திருக்கும். அந்த வாசகர்கள் தானாகத் திரும்ப மாட்டார்கள். அசல் ஓடை முகவரியைத் தளத்தின் முகப்பில் போட்டு, மறுபடி சந்தாவில் சேரச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.