தொழிலை வளர்ப்பது தலைநகரமா, மாகாணமா?

நாட்டின் பொருளாதாரத்தை யார் முன்னின்று இழுப்பது? தென் கொரியா தலைநகரத்தை நம்பியது. சீனா மாகாணங்களையும் நகரங்களையும் மோதவிட்டது. ஜெர்மனி மாநிலங்களைப் போட்டியும் போட வைத்தது, வருவாயைப் பங்கு போடவும் வைத்தது.

கொரியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961இல் பொருளாதாரத் திட்ட வாரியம் வந்தது. அதே ஆண்டில் உள்ளாட்சி சபைகள் கலைக்கப்பட்டன. போஹாங்கில் எஃகு, உல்சானில் காரும் கப்பலும் என்று எல்லாம் சியோலில்தான் முடிவானது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மேயர்களையும் மாகாண ஆளுநர்களையும் மக்கள் மீண்டும் தேர்ந்தெடுக்க 1995 ஆகிவிட்டது; இன்று மக்கள்தொகையில் பாதிப் பேர் சியோலிலும் அதைச் சுற்றியும்தான் நெருக்கியடிக்கிறார்கள். சின்ன நாடு என்பதால் தாக்குப்பிடித்தது என்பேன்.

சீனாவின் கதை சுவாரசியமானது. 1979இல் குவாங்டாங் தலைவர்கள் கூடுதல் அதிகாரம் கேட்டபோது, பணம் கிடையாது, கொள்கைச் சலுகை தரலாம் என்றது பெய்ஜிங். அடுத்த ஆண்டே ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. பிறகு ஆளாளுக்கு ஓட ஆரம்பித்தார்கள். பொருளாதார வளர்ச்சியைக் காட்டிய அதிகாரிக்குப் பதவி உயர்வு என்றால் சும்மா இருப்பார்களா?

ஹெஃபெய் நகரத்தைப் பாருங்கள். 2008இல் மெட்ரோ திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பிஓஇ நிறுவனத்தின் எல்சிடி திரைத் தொழிற்சாலைக்குப் பணம் ஒதுக்கியது. 2020இல் நியோ என்ற மின்கார் நிறுவனம் திவாலாகும் நிலையில் தள்ளாடியபோது, 700 கோடி யுவான் திரட்டிக் கொடுத்துப் பங்கு வாங்கியது. இரண்டுமே பலித்தன. ஆனால் ஊகான் நகரின் ஒரு மாவட்ட அரசு ஆதரித்த எச்எஸ்எம்சி சிப் தொழிற்சாலை, ஒழுங்காகச் சிப் தயாரிக்கும் முன்பே படுத்துவிட்டது. ஹெஃபெயைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 1994 வரிச் சீர்திருத்தம் மதிப்புக் கூட்டு வரியில் 75 சதவீதத்தை மத்திய அரசுக்குக் கொண்டுபோனது. செலவுகள் மட்டும் கீழேயே நின்றன. உள்ளூர் அரசுகள் நில உரிமையை விற்றும், தனி நிறுவனங்கள் தொடங்கி அவற்றின் பெயரில் கடன் வாங்கியும் சமாளித்தன. 2021இல் வீட்டுமனைச் சந்தை சரிந்தபோது அந்தக் கணக்கு தலையில் விழுந்தது.

ஜெர்மனியில் பவேரியா 1980களின் நடுப்பகுதி வரை பிற மாநிலங்களிடம் நிதி பெற்றது. பிறகு கொடுக்கிற மாநிலமானது. 1990களில் அரசு வைத்திருந்த நிறுவனப் பங்குகளை விற்று ஆராய்ச்சிக்கும் தொழில்நுட்பத்துக்கும் பணத்தைத் திருப்பியது. அதே நாட்டில்தான் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தோடு இணைந்திருந்த வெஸ்ட்எல்பி வங்கி, அரசு உத்தரவாதத்தின் நிழலில் கண்டபடி முதலீடு செய்து, 2012இல் கலைக்கப்பட்டது.

சரி, எது மேல்? சமநிலை என்று சொல்லி மத்திய அரசே விலையில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் சரக்குக் கட்டணச் சமன்படுத்தல் சாட்சி; நிலக்கரியும் இரும்பும் நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும்படி, தூரத்துக்கான போக்குவரத்துச் செலவைச் சமன்செய்த கொள்கை அது. 1950களில் தொடங்கி 1990களின் ஆரம்பம் வரை நீடித்த அது, நிலக்கரியும் இரும்பும் வைத்திருந்த கிழக்கு மாநிலங்களின் இயல்பான சாதகத்தையே பறித்தது. எந்த நிறுவனத்துக்கு எங்கே நிலம், எந்தப் பயிற்சி, எப்போது மின்சாரம் என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும். என் ஓட்டு ஜெர்மன் முறைக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: மாநிலம் தோற்ற பந்தயத்துக்கு மத்திய அரசு பணம் கட்டக் கூடாது.