செமி ஹாலோ கிட்டார் வாங்கப் போறீங்களா? 58,000 போன கதைய படிச்சிட்டு போங்க

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா விட்டுருங்க. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சர்ச்லயோ லைட் மியூசிக்லயோ வாசிக்கிற பசங்க, பழைய ஸ்டைல் செமி ஹாலோ (பாடி பாதி காலியா இருக்கற எலக்ட்ரிக் கிட்டார்) தேடறீங்கன்னா இத முழுசா படிங்க. வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசில சொல்றேன்.

நான் வாங்கினது கிப்சன் கம்பெனியோட 335 மாடல் ஷேப், செர்ரி கலர், மேல்பலகைல ரெண்டு எஃப் ஹோல் (f வடிவ ஓட்டை). சென்னைல பழைய கிட்டார் வாங்கி ஆன்லைன்ல விக்கற ஒரு கடை, பேர் போடல. நான் திருப்பித் திருப்பி கேட்டது ஒண்ணே ஒண்ணு, உள்ள சென்டர் பிளாக் இருக்கா? 1958ல கிப்சன் 335 கொண்டு வந்தப்ப அதோட விசேஷமே அதான், பாடி நடுவுல நீளமா ஒரு மரக்கட்டை ஓடும், ரெண்டு பக்கம் மட்டும் காலி, அதனால ஹாலோ சவுண்டும் வரும், வால்யூம் ஏத்தினா சட்டுனு ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் ஊளை) அடிக்காது. எங்க சர்ச்ல மானிட்டர் ஸ்பீக்கர் கால்கிட்டயே இருக்கும், முழு ஹாலோ அங்க ஆகவே ஆகாது.

"இருக்கு தம்பி, முழு மேப்பிள் பிளாக்"னு கடைக்காரர் வாய்ஸ் நோட் போட்டாரு. வீடியோ கால்ல மேல்பலகைய விரலால தட்டி "கேட்டியா, எவ்ளோ கெட்டி"ன்னாரு. நான் சர்ச்சுக்குண்ணான்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு, "நானும் குயர்ல வாசிச்சு வளந்தவன்தான் தம்பி, ஆண்டவருக்கு வாசிக்கிற பையன்கிட்ட பொய் சொல்வேனா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 58,000 ரூபாய மொத்தமா அனுப்பினேன். ஆண்டவர் பேர சொல்லி ஏமாத்தினத தான் என்னால தாங்கவே முடியல.

பார்சல் வந்துச்சு, ப்ராக்டீஸ்ல ப்ளக் பண்ணேன், வால்யூம் பாதி கூட தாண்டல, ஊய்ங்னு ஊளை, பாட்டையே நிறுத்த வேண்டியதா போச்சு. சத்துவாச்சாரில கிட்டார் சரி பண்ற அண்ணன்கிட்ட எடுத்துட்டு போனா, அவர் ஒரு எஃப் ஹோல்ல மொபைல் டார்ச்ச வச்சாரு, அடுத்த எஃப் ஹோல் வழியா வெளிச்சம் பளிச்னு வெளிய வருது. நடுவுல ஒரு குச்சி கூட இல்ல! கழுத்து பாடியோட சேர்றதும் 16வது ஃப்ரெட்ல (கழுத்து மேல குறுக்கா இருக்கற கம்பி), எபிஃபோன் கேசினோ, பழைய கிப்சன் 330 மாதிரி முழு ஹாலோ மாடல்ல அப்படித்தான், 335ல 19வது பக்கம் வரும். கடைக்காரர் போட்ட போட்டோ எல்லாத்துலயும் சரியா அந்த இடத்துல ஸ்ட்ராப்ப போட்டு மறைச்சிருக்காரு. அப்புறம் அண்ணன் என் கட்டைவிரல பிடிச்சு நட்டுக்கு (கழுத்து மேல்முனைல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன கட்டை) பின்னாடி தடவ வச்சாரு, நகம் டக்குனு ஒரு கோட்டுல மாட்டுது. ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ இருக்கற தலைப்பகுதி) எப்பவோ உடைஞ்சு, ஒட்டி, மேல கருப்பு பெயிண்ட் அடிச்சது.

போன் பண்ணா முதல்ல "வேலூர் வெயில் தம்பி, மரம் அப்படித்தான்". எந்த வெயிலுக்குய்யா விரிசல் தானா பசை போட்டு பெயிண்ட் அடிச்சிக்கும்? அடுத்த தடவ "முழு ஹாலோதான் ஒரிஜினல் விண்டேஜ், உனக்கு லாபம்தான்". அப்புறம் கடைப் பையன் எடுத்து "ப்ரோ அண்ணன் வெளியூர்", "ப்ரோ பிளே பண்ணியாச்சுல்ல, ரிட்டர்ன் கிடையாது". இப்ப ப்ளூ டிக் மட்டும் விழுது. 58,000 ரூபாங்க, கல்யாண சீசன் பூரா ஆம்பூர், குடியாத்தம்னு ராத்திரி ராத்திரியா வாசிச்சு சேத்த காசு.

விவரமா எழுத இப்ப பொறுமை இல்ல. டார்ச் டெஸ்ட வீடியோ கால்லயே பண்ண சொல்லுங்க, அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தா பிளாக் இல்ல. கழுத்து சேர்ற இடம், நட்டுக்கு பின்பக்கம், ரெண்டும் கிட்டத்துல போட்டோ கேளுங்க, இழுத்தடிச்சா விட்டுருங்க. முடிஞ்சா நேர்ல போய் ஆம்ப்ல சத்தமா வச்சு வாசிச்சு பாருங்க, கைல வாங்கற வரைக்கும் முழு காசு குடுக்காதீங்க.

அந்த வாய்ஸ் நோட்ட வச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன். செர்ரி கலர், மேப்பிள் பிளாக்னு இதே பேச்ச கேட்டு வேற யாராவது காசு குடுத்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போடலாம்.