வினைப் பட்டியலா, ஐந்து வரிக் குறிப்பா?

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் ஆங்கில இறந்தகாலத்துக்கு ‘கோ, வென்ட், கான்’ என்ற வினைப் பட்டியலைத்தான் உருப்போடுகிறார்கள். ஒழுங்கில்லாத வினைகளுக்கு அது வேண்டியதுதான். ஒரு நாளைக்குப் பத்து வினை போதும். ஆனால் ‘டிட் யூ வென்ட்?’ என்ற பிழையை அது தீர்க்காது. தமிழில் ‘போனாயா’ என்று வினையிலேயே காலம் நிற்கும். ஆங்கிலக் கேள்வியில் காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொள்ளும், அதனால் ‘கோ’தான் வரும்.

இந்த இடத்தில் எழுத்துப் பயிற்சியே மேல். நேற்றுக் குற்றாலம் போனதை ஆங்கிலத்தில் ஐந்து வரியில் எழுதுங்கள் (சாரல் காலத்தில் விஷயத்துக்கா பஞ்சம்?). ஒவ்வொரு வரியையும் கேள்வியாக்குங்கள். பிறகு ‘டிட் நாட்’ போட்டு மறுப்பாக்குங்கள். ‘எஸ்டர்டே’ உள்ள வரியில் ‘ஹேவ் கான்’ வந்தால் ‘வென்ட்’ என்று திருத்துங்கள். ‘டிஸ்கஸ்’ பின்னால் ஒட்டிய ‘அபௌட்’டை அடித்துவிடலாம். எழுதிய கையோடு பார்த்தால் சொந்தப் பிழை கண்ணில் படாது, மறுநாள் திருத்துங்கள்.