வேலூரில் ஜாதி நாய்க்குட்டி: கடையா, விளம்பரமா, தெரிந்தவர் வீடா, கென்னலா?

வேலூர்ப் பக்கம் ஒரு லேப் (லாப்ரடார்) குட்டியோ ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியோ வேண்டும் என்றால் நாலு வழிகள் இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் பெட் ஷாப், போனில் கண்ணில் படும் விளம்பரம், தெரிந்தவர் வீட்டில் போட்ட குட்டி, சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பதிவு பெற்ற கென்னல், அதாவது நாய்களை ஈன வைத்துக் குட்டிகளை விற்கும் பண்ணை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்களுக்கு ஆசைப்படுபவர்களுக்குத் தெற்கே போகிற ஐந்தாவது வழியும் உண்டு. பெரும்பாலானவர்கள் இவற்றை விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் கேட்பது வேறு: குட்டியின் தாயை, அது குடியிருக்கும் இடத்திலேயே பார்க்க முடிகிறதா? குட்டி நாளைக்கு எவ்வளவு உயரம் வளரும், ஆளைக் கண்டால் பயப்படுமா, பாயுமா, தோல் நோய் இருக்கிறதா என்பதை எல்லாம் ஐம்பது நாள் குட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாயைப் பார்த்தால் பாதியாவது தெரியும்.

கடையில் இதற்கு வாய்ப்பே இல்லை. "அண்ணா, இதோட தாய் எங்க இருக்கு?" என்று கேட்டால் "அது பார்ட்டி வீட்ல இருக்குது தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுகூடப் பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. இடையில் ஒரு தரகர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று சங்கிலி நீளும். 2018ஆம் ஆண்டு பெட் ஷாப் விதிகளின்படி கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் முப்பது முப்பத்தைந்து நாள் குட்டியை "ரெண்டு மாசம் ஆகுது" என்று சொல்லிக் கையில் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. சின்னதாக இருந்தால்தானே பார்த்தவுடன் தூக்கத் தோன்றும்!

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். நாய்க்குட்டிக்கும் அதே பார்வை வேண்டும். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் இருபத்தெட்டும் ஏறக்குறைய முளைத்திருக்கும். முன்பல்லும் கோரைப்பல்லும் மட்டும் எட்டிப் பார்த்து, பின்னால் ஈறு வெறுமையாக இருந்தால் குட்டி தாயை விட்டுச் சீக்கிரமே பிரிக்கப்பட்டது என்று அர்த்தம். வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப் பிறந்தவைகளோடு புரண்டு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்துவிட்டால் வீட்டுக் குழந்தைகளின் கைதான் அதற்குப் பாடமாகும்.

குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் இன்னொரு கவலை. பல இடத்துக் குட்டிகள் ஒரே கூண்டில் கலக்கும்போது அது பரவ வேறு எதுவும் தேவையில்லை. கிருமி உடலுக்குள் போய் மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும் என்பதால், கடையில் துள்ளிய குட்டி வீட்டுக்கு வந்த வாரத்தில் படுத்துவிடும். வேலூரிலேயே அப்படிக் குட்டியைப் பறிகொடுத்து அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். அதே வீட்டில் அடுத்த குட்டியை உடனே கொண்டுவருவதும் ஆபத்து. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

ஆன்லைன் விளம்பரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முன்பணம் அனுப்பச் சொல்லி, குட்டியை ரயிலில் போட்டு விடுகிறேன், காட்பாடி ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். படத்தில் இருப்பது ஒரு குட்டி, கூடையில் வருவது வேறொரு குட்டி. விளம்பரத்தை ஒரு முகவரியாக மட்டும் எடுத்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்க்க விடுகிறார் என்றால் அப்போது அவரைக் கென்னலாகவோ வீட்டுக்காரராகவோ வைத்து எடை போடலாம்.

தெரிந்தவர் வீட்டுக் குட்டிதான் நம் ஊரில் அதிகம் கைமாறுகிறது. காந்தி நகரிலோ சத்துவாச்சாரியிலோ ஒருவர் ஆசையாக வளர்த்த பொட்டை நாய்க்கு, ராணிப்பேட்டையில் இருக்கும் நண்பரின் ஆண் நாயைச் சேர்ப்பார். ஆண் நாய்க்காரருக்குக் கூலியாக ஒரு குட்டி, மீதிக் குட்டிகள் அக்கம்பக்கத்துக்கு. இதில் உள்ள நன்மையை எந்தக் கென்னலாலும் எளிதில் தர முடியாது. குட்டி கண் திறந்த நாளிலிருந்து மிக்ஸி சத்தம், பிள்ளைகள், தெருவில் போகும் ஆட்டோ எல்லாவற்றையும் கேட்டு வளர்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை நாய்க்கு உலகம் பழகுகிற பருவம். அந்த நாட்களை ஒரு வீட்டின் நடுவில் கழித்த குட்டி பெரியதானபின் தீபாவளி வெடிக்குக்கூட அவ்வளவாக நடுங்காது. தாயும் கண்முன்னே இருக்கிறது.

குறை எங்கே என்றால், பரம்பரை யாருக்கும் தெரியாது. "ப்யூர் லேப்தான்" என்பார்கள். தந்தைக்குப் பேப்பர் (பரம்பரைச் சான்றிதழ்) இருக்கிறதா, லேபுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா என்றால் பதில் வராது. இடுப்பு எக்ஸ்ரேயை நாய்க்கு இரண்டு வயது ஆனபின் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பல வீடுகளில் அதற்குள் முதல் ஈத்தே முடிந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் பதினெட்டு மாதம் ஆகாத பொட்டையை ஈன வைக்கக் கூடாது என்கின்றன. விற்பதற்காக ஈன வைப்பவர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அன்பாக வளர்ப்பவர்களுக்கே இது தெரிவதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், சொல்லத்தான் ஆளில்லை.

பதிவு பெற்ற கென்னல் என்றால் பேப்பர் கிடைக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழைத்தான் 'கேசிஐ பேப்பர்' என்கிறோம். அதில் தாய் தந்தை பெயர், வளர்த்தவர் பெயர், மைக்ரோசிப் எண் எல்லாம் இருக்கும். மைக்ரோசிப் என்பது குட்டியின் தோலுக்கடியில் வைக்கும் சின்னஞ்சிறு சில்லு; அந்த எண் பதினைந்து இலக்கம். அதைப் படிக்கும் ரீடர் கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் குட்டியின் கழுத்தருகே காட்டிப் பார்த்து, பேப்பரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். பெற்றோர் பெயர் இல்லாத பேப்பரும் புழக்கத்தில் உண்டு. நாயைப் பார்த்து இந்த இனம்தான் என்று நடுவர் ஒப்புக்கொண்டபின் கொடுக்கப்படுவது அது. பரம்பரைக்கு அது சாட்சியாகாது. "பேப்பர் பின்னாடி வரும்" என்று சொன்னால், தாய் தந்தை இருவரின் பேப்பரையாவது அங்கேயே காட்டச் சொல்ல வேண்டும். தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே நாயின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய ரத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் பேப்பர் சொல்வது பரம்பரையை மட்டும்தான். குட்டியின் ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதமில்லை. பேப்பர் கச்சிதமாக இருந்தும், வரிசையாகக் கூண்டு, மூத்திர நெடி, மனிதக் கை படாத குட்டிகள் என்று இருக்கும் கென்னல்களும் உண்டு. தாயைக் காட்டச் சொல்லி, "இது எத்தனாவது ஈத்து?" என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்பது விதி. நல்ல கென்னல்காரர் நம்மைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், மாடியா தோட்டமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். வேலூர் என்று சொன்னதும் ஹஸ்கியோ செயின்ட் பெர்னார்டோ வேண்டாம் என்று தடுப்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் பனிநாட்டு நாயையும், மூக்கு சப்பையான பக் (pug) இன நாயையும் வைத்திருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

தெற்கே போவது அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் ஓடப் பிறந்தவை, வரிசை வீட்டுக்குள் அடங்காது. நம் வெயிலை இவை தாங்கும் என்பது பெரிய பலம். ராஜபாளையத்தில் மட்டும் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. தூய வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் இந்த இனத்தில் வருகின்றன. கூட்டமாக இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, மற்ற குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாகத் தூக்கி வந்து, அதன் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டுங்கள். காலால் தரையை உதைக்க வேண்டாம், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டு பெற்றோருக்கும் பேப்பர் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாய்களை மட்டும் வீட்டுக்குள்ளேயே வளர்த்துக் குட்டி போட வைக்கும் சிறிய ப்ரீடரைத்தான் சொல்வேன். தேடிக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். டாக் ஷோக்களில் நாயைப் பிடித்து நிற்பவர்களிடமும், தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவரிடமும் விசாரித்தால் பெயர்கள் கிடைக்கும். குட்டி பிறப்பதற்கு முன்பே சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டி வரலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் பேப்பர் இல்லாத வீட்டுக் குட்டியை, தாயைப் பார்த்துவிட்டு வாங்குவேன். கடைக் குட்டிக்கு அதன்பிறகும் போக மாட்டேன்.

குட்டி பார்க்கப் போகும் நாளில் ஒரே இடத்துக்கு மட்டும் போங்கள். ஒரு கென்னலிலிருந்து இன்னொன்றுக்கு நம் செருப்பிலேயே பார்வோவைக் கொண்டுபோய்விடுவோம். வாங்கும்போது தடுப்பூசி அட்டையில் தேதியும் மருத்துவர் கையெழுத்தும், குடற்புழு மருந்து கொடுத்த நாட்களும் இருக்கட்டும். அங்கே சாப்பிட்ட உணவிலேயே ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கி வாருங்கள். இரண்டு நாளுக்குள் நம் மருத்துவரிடம் காட்டி, ஏதாவது கோளாறு தெரிந்தால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதை விற்பவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.